நான் வாய் மூடியிருந்த ஆறு மாசம்

எனக்கு வாய் கொஞ்சம் பெரிசு. அதை முதலே சொல்லிப்போட்டுத் தொடங்கினாத்தான் மிச்சக் கதை விளங்கும். எங்கட ஒழுங்கை திருகோணமலை உட்துறைமுகக் கரைக்கு இறங்கிற ஒழுங்கை. மனுசன் துறைமுகத்து இழுவைப் படகில வேலை. நான் வீட்டில மெஷின் போட்டுப் பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிறனான். மெஷின் ஓடுற சத்தத்துக்கு மேலால கதைச்சுக் கதைச்சே எனக்குத் தொண்டை அப்பிடி ஆகிட்டுது எண்டு நான் சொல்லுவன். கலியாணத்துக்கு முதலும் அப்பிடித்தான் எண்டு அவர் சொல்லுவார்.

எங்களுக்கு மூத்தது மகள், பிறகு ரெண்டு பொடியன்கள். இது மகளைப் பற்றின கதை. அறுபதுகளின்ட கடைசியில, அவள் பத்தாம் வகுப்பு ஓ.எல். சோதனை எடுக்க இருந்த வருசத்தில நடந்தது.

அந்தக் காலத்தில எங்கட பக்கம் படிப்பெண்டா சத்தம். விடியச் சுபஹ் தொழுது முடிஞ்ச கையோட ஒரு வீட்டில வாய்ப்பாடு கேக்கும், அடுத்த வீட்டில சரித்திரம், அதுக்கங்கால இங்கிலீஷ். பொழுதுபட்டு மஹ்ரிபுக்குப் பிறகு இன்னொருக்கா. உம்மாமார் குசினிக்குள்ள அடுப்படியில நிண்டுகொண்டே காதால பிள்ளையளைக் காவல் காப்பாங்க. சத்தம் நிண்டா, "என்ன அங்க, நித்திரையா?" எண்டு ஒரு கத்தல். எங்களில கனபேருக்கு அந்தப் புத்தகத்தை எடுத்து வாசிக்கத் தெரியாது. ஆனா காது இருக்குத்தானே. ஆர்ட புள்ள படிக்குது, ஆர்ட புள்ள படிக்கேல்ல எண்டு ஒழுங்கை முழுக்கத் தெரியும்.

நான் எட்டாம் வகுப்பு மட்டும் படிச்சனான். பெரிய புள்ளையானதும் அடுத்த நாளே பள்ளிக்கூடம் நிண்டுது. ஆரும் என்னட்டக் கேக்கேல்ல. புத்தகங்களைத் தம்பிக்குக் குடுத்திட்டாங்க. அண்டைக்கு நான் அழுத அழுகை இப்பவும் எனக்கு ஞாபகம் இருக்கு, அதை மறைக்க வேண்டிய அவசியமும் இல்ல. அதனால மகள் படிக்கோணுமெண்டு எனக்கு ஒரு வெறி. அவளுக்கும் ஆசை இருந்தது. அதுக்கு மேல ஏ.எல். வரைக்கும் படிச்சு விஞ்ஞான டீச்சராகோணும் எண்டு சின்னனிலயே சொல்லுவாள்.

ஆனா அவருக்கு மூதூரில ஒரு ராத்தா, கூடப் பிறந்த மூத்தவ. உம்மா மௌத்தான பிறகு அவரைத் தூக்கி வளர்த்தது அந்த ராத்தாதான். அவங்கட மகனுக்கு எங்கட மகளைக் கேட்டிருந்தாங்க. பொடியனில ஒரு குறை சொல்ல ஏலாது. தொழுகையாளி, கடை இருக்கு, வயல் இருக்கு. குறையில்லாத மாப்பிள்ளையை வேணாமெண்டு சொல்லுறதுதான் பெரிய கஷ்டம். அவர் ராத்தாவுக்கும் நோகாம, எங்களுக்கும் நோகாம ஒரு முடிவு சொன்னார். "புள்ள ஓ.எல்.லை முழுசாப் பாஸ் பண்ணினா மேல படிக்கட்டும். ஒண்டில விழுந்தாலும் பேச்சில்ல, மூதூருக்குக் குடுப்பம்." ராத்தாவுக்கும் இதைச் சொல்லிட்டார். அவங்க அதைக் கேட்டுச் சிரிச்சாங்களாம். மகளுக்கு விஞ்ஞானமும் கணக்கும் ஏறாது எண்டு மூதூர் வரைக்கும் தெரிஞ்சிருந்தது.

சும்மா விடுவனா? மெஷினை முன்னறைக்கு மாத்தினன். மகளின்ட மேசையைத் திரைக்கு அங்கால போட்டன். "இனி எனக்குச் சத்தம் வரோணும். மெஷின் ஓடினாலும் எனக்கு உன்ட சத்தம் கேக்கோணும்" எண்டன். அவளும் படிச்சாள். அல்லாவே, என்ன படிப்பு! ஒழுங்கைத் தலைப்பு மட்டும் கேக்கும். "உம்மட மகளின்ட குரல் பள்ளிவாசல் வாங்கு மாதிரியெல்லோ வருது" எண்டு பக்கத்து வீட்டு ராத்தா சொன்னா. எனக்குப் பெருமை தாங்கேல்ல. ஆனா முதலாந் தவணை றிப்போட் வந்தா விஞ்ஞானத்திலயும் சிவப்பு, கணக்கிலயும் சிவப்பு. எனக்கு விளங்கேல்ல. இவ்வளவு சத்தத்துக்கும் இவ்வளவுதானா? சத்தம் காணாது போல எண்டு நினைச்சு, பின்னேரம் அஸர் தொழுத பிறகும் ஒரு மணித்தியாலம் கூட்டினன்.

ஆனி மாசமா இருக்கோணும். நான் ஒரு சட்டைக்குக் கொலர் பிடிச்சுக்கொண்டிருக்கிறன். திரைக்கு அங்கால மகள் விஞ்ஞானம். "பச்சை இலைகள் சூரிய ஒளியின் உதவியுடன் நீரையும் காபனீரொட்சைட்டையும்..." எண்டு வந்து, அவளுக்கு ஒரு இருமல். இருமல் நிக்கேல்ல. நான் கொலரில இருந்து கண்ணை எடுக்காமலே, "...சேர்த்து மாப்பொருளை ஆக்குகின்றன. இதன்போது ஒட்சிசன் வெளிவிடப்படுகின்றது" எண்டு முடிச்சு வைச்சன்.

மெஷின் நிண்டுது. அங்கால இருமலும் நிண்டுது.

நான் விஞ்ஞானம் படிக்கேல்ல. என்ட எட்டாம் வகுப்பில காபனீரொட்சைட்டு எண்ட சொல்லே இல்ல. எனக்கு எப்பிடி வந்தது? அடுத்த வரியையும் சொல்லிப் பார்த்தன், வந்தது. அதுக்கடுத்ததும் வந்தது. பந்தி பந்தியா வருது. எழும்பிப் போய்த் திரையை விலக்கினன். "எத்தனை நாளா இதையே வாசிக்கிறாய்?"

மகளுக்கு முதலில சிரிப்பு வந்திட்டுது. பிறகு முகம் மாறினது. "ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதலில இருந்து" எண்டாள்.

அல்லாவே! நான் அவளின்ட கையில இருந்த கொப்பியைப் பறிச்சன். கொப்பிக்குள்ள பக்கம் பக்கமாப் பூவும் வள்ளமும் கீறியிருக்கு. வாய் ஒரு பாடத்தை ஓட்டிக்கொண்டிருக்கும், கை கீறிக்கொண்டிருக்கும். நான் கத்தினன். என்னெல்லாம் சொன்னனெண்டு இப்ப எழுத வெக்கம். வாப்பா வரட்டும், நாளைக்கே மூதூருக்கு ஆளனுப்புறன் எண்டும் சொன்னன். அது நான் சொல்லக்கூடாத சொல்.

அவள் திருப்பிக் கத்தேல்ல. "உம்மா, எனக்குச் சத்தம் போட்டா ஒண்டும் ஏறாது. வாய் வாசிச்சா மனசு நிண்டிடும்."

"அப்ப ஏன் வாசிச்சனீ?"

"நீங்க கேக்கோணுமெண்டுதானே உம்மா வாசிச்சனான். நீங்க சத்தம் வருதா எண்டுதான் ஒவ்வொரு நாளும் கேட்டீங்க. விளங்குதா எண்டு ஒரு நாளும் கேக்கேல்லையே."

மூண்டு நாள் நான் அவளோட கதைக்கேல்ல. கோபம் எண்டு வெளியில காட்டினன். உண்மையில அது வெக்கம். மாசக்கணக்கா நான் காவல் காத்த காவலில விஞ்ஞானம் படிச்சது நான்தான். நாலாம் நாள் அவளைக் கூப்பிட்டு, "உனக்கு என்ன வேணும்?" எண்டு கேட்டன்.

"நான் என்ட பாட்டில படிக்கப் போறன். என்னத்தைப் படிக்கிறது, எப்ப படிக்கிறது எண்டு நானே பார்க்கிறன். சோதனை முடியுமட்டும் நீங்க 'படிச்சியா' எண்டு மட்டும் கேக்காதீங்க."

"சரி. ஆனா ஒரு நாளைக்கு ஒருக்கா என்ன படிச்சனீ எண்டு எனக்கு வந்து சொல்லோணும்."

"அதுவும் காவல்தானே உம்மா."

பதினஞ்சு வயசுப் புள்ள சொல்லுது! எனக்குக் கை துருதுருத்தது. ஆனா ஓமெண்டன். ஏன் ஓமெண்டன் எண்டு கேட்டா, எனக்கு வேற வழி தெரியேல்ல. என்ட வழியில போனா மூதூர்தான் எண்டு றிப்போட் சொல்லிட்டுது.

சொல்லுறது லேசு. வாயை மூடினா கால் நிக்குதில்ல. திரைக்கு அங்கால என்ன நடக்குதெண்டு பார்க்கோணும். அதுக்குத் தேத்தண்ணியைக் கண்டுபிடிச்சன். தேத்தண்ணி குடுக்கிற சாட்டில உள்ளுக்குப் போய் மேசையில ஒரு கண் விட்டிட்டு வருவன். ஒரு பின்னேரம் நாலாவது கோப்பையோட போறன், மகள் புத்தகத்தில இருந்து தலை தூக்காமலே, "உம்மா, நான் படிக்கிறனோ இல்லையோ, ஒரு மணித்தியாலத்தில மூண்டு தரம் வெளியால போய் வாறன். சீனியாவது மிஞ்சட்டும்" எண்டாள். எனக்குச் சிரிப்புத் தாங்கேல்ல. அந்தக் கோப்பையை நானே குடிச்சன்.

வீடு சத்தமில்லாமப் போனது ஒழுங்கைக்குப் பிடிக்கேல்ல. பக்கத்து வீட்டு ராத்தா வேலிக்கு மேலால எட்டிப் பார்த்து, "புள்ள படிப்பை விட்டிட்டாளோ?" எண்டு கேட்டா.

"இல்ல ராத்தா, மனசுக்குள்ள படிக்கிறாள்."

"மனசுக்குள்ளயா? மனசுக்குள்ள சோறாக்க ஏலுமா புள்ள?"

நான் எதுக்கும் ஒரு பதில் வைச்சிருக்கிற மனுசி. அண்டைக்குத் தைக்கத் துணி கிடக்கெண்டு சாட்டுச் சொல்லி உள்ளுக்குப் போயிட்டன். அவரும் வேலையால வந்து தொப்பியைக் கழட்டிக்கொண்டே, "என்ன இது, மையித்து எடுத்த வீடு மாதிரிக் கிடக்கு? மகள் எங்க?" எண்டார். விசயத்தைச் சொன்னன். "நீ வாயை மூடிக்கொண்டிருக்கப் போறியா? ஆறு மாசமா?" எண்டு கேட்டார். பந்தயம் பிடிக்கிற குரல். எனக்கு ரோசம் வந்திட்டுது. அந்த ரோசமும் எனக்கு உதவினதுதான்.

ஆடியில ஒரு கிழமை மகள் புத்தகத்தைத் தொடவே இல்ல. பள்ளிக்கூடத்தால வாறாள், சாப்பிடுறாள், படுக்கிறாள். பிறகு தம்பிமாரோட கெரம் விளையாட்டு. அந்தக் கிழமை நான் தைச்ச ரெண்டு சட்டைக்குக் கையை மாத்திப் பொருத்திப்போட்டன், பிரிச்சுத் தைக்கவேண்டி வந்தது. அஞ்சாம் நாள் தாங்கேல்ல. கெரம் பலகைக்குப் பக்கத்தில போய் நிண்டு, "மூதூரில மாமி வீட்டுக் கெரம் பலகை இதைவிடப் பெரிசு" எண்டன்.

அவள் எழும்பிப் போய் மேசையில இருந்து, புத்தகத்தை விரிச்சு, சத்தம் போட்டு வாசிக்கத் தொடங்கினாள். அதே பச்சை இலைகள். எனக்குக் கன்னத்தில அறைஞ்ச மாதிரி இருந்தது. பத்து நிமிசம் நிண்டு கேட்டன். பிறகு உள்ளுக்குப் போய், "மகள், பிழை என்னிலதான். நிப்பாட்டுங்க. மூதூர்ப் பேச்சு இனி என்ட வாயில வராது" எண்டன். பெத்த புள்ளையிட்ட மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தரம். அவள் புத்தகத்தை மூடிப்போட்டு, "எனக்குக் கணக்கு எங்க தொடங்கிறதெண்டே தெரியேல்ல உம்மா, அதாலதான் தொடேல்ல" எண்டு அழுதாள். சோம்பல் எண்டு நான் நினைச்சது பயம். என்ட புள்ள ஒரு கிழமையாப் பயந்துகொண்டு கெரம் அடிச்சிருக்கிறாள்.

கணக்கு எங்க தொடங்கிறதெண்டு எனக்கும் தெரியாது. தெரியாதெண்டே சொன்னன். "உனக்குத் தெரிஞ்ச கடைசி இடம் எது?" எண்டு மட்டும் கேட்டன். அவள் யோசிச்சுப் போட்டு, பழைய பெட்டியைத் திறந்து, ஏழாம் வகுப்புக் கணக்குக் கொப்பியை எடுத்தாள். ஓ.எல். எடுக்கப்போற புள்ள ஏழாம் வகுப்புப் பின்னத்தில இருந்து தொடங்கினாள். வாய் நுனி வரைக்கும் வந்ததை நான் முழுங்கினன். சனிக்கிழமை காலமையில லிங்கநகரில இருக்கிற வகுப்புக் கூட்டாளி வீட்டுக்குப் போய்க் கணக்குச் செய்யட்டா எண்டும் கேட்டாள். அந்தத் தமிழ்ப் புள்ள கணக்கில கெட்டிக்காரி, அவளுக்கு இவள் சித்திரம் சொல்லிக்குடுக்கிறதெண்டு ரெண்டு பேருக்கும் ஒப்பந்தமாம். அவளின்ட தாய் பகல் சாப்பாட்டுக்கு இவளுக்கெண்டு ஒரு முட்டை பொரிச்சு வைப்பா. நான் அந்த மனுசியை ஒரு தரம்தான் நேரில கண்டிருக்கிறன். அல்லாஹ் அவவுக்கு நல்லதே குடுக்கட்டும்.

பிறகொரு நாள், நான் கேக்காமலே நடந்தது. நான் துணி வெட்டிக்கொண்டிருக்க மகள் வந்து பாயில இருந்து, "உம்மா, கொஞ்சம் கேளுங்க, இது எனக்கு விளங்கிட்டுதா எண்டு பார்க்கோணும்" எண்டு, இரத்தம் உடம்பில ஓடுற விதத்தைச் சொல்லத் தொடங்கினாள். நான் கத்தரியை வைச்சிட்டுக் கேட்டன். இடையில, "நில்லுங்க, இந்தக் குழாயால வந்தது எப்பிடி மற்றப் பக்கம் போனது? எனக்கு விளங்கேல்ல" எண்டன். பொய்யில்ல, உண்மையாவே விளங்கேல்ல. அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், "அது எனக்கும் தெரியாது போல" எண்டு எழும்பி ஓடிப்போய்ப் புத்தகத்தைப் பார்த்திட்டு வந்தாள். பிறகு கிழமையில ரெண்டு மூண்டு தரம் வருவாள். நான் கூப்பிட்டு ஒரு நாளும் வரேல்ல, தானாத்தான் வருவாள்.

இப்பிடியெல்லாம் நடந்தும் ரெண்டாந் தவணையில கணக்கு பிறகும் சிவப்பு. விஞ்ஞானம் மட்டும் ஒரு மாதிரிப் பாஸாகிட்டுது. அவர் றிப்போட்டைப் பார்த்துப்போட்டு, "காணும். ராத்தாவுக்குச் சொல்லிவிடுவம்" எண்டார். நான் வாயைத் திறந்தன், ஆனா கத்தேல்ல. "ஓ.எல். எண்டுதானே சொன்னீங்க. தவணைச் சோதனை எண்டு சொல்லேல்லையே. சொன்ன சொல்லில நில்லுங்க" எண்டன். மனுசன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இருவது வருசத்தில நான் அவரோட மெதுவாக் கதைச்சது அவருக்குப் பயமாப் போயிருக்கும். சரியெண்டிட்டார். அண்டையில இருந்து அவரும் வேலையால வந்தா மேசைப் பக்கம் போகமாட்டார். றேடியோவை எடுத்துக்கொண்டு வாசல் முத்தத்துக்குப் போயிருவார்.

மார்கழியில சோதனை முடிஞ்சது. மாசிக்குப் பிறகு ஒரு நாள் மகள் பள்ளிக்கூடத்தால வந்து ஒரு தாளை என்ட மெஷினுக்கு மேல வைச்சாள். விஞ்ஞானம் திறமைச் சித்தி, கிரெடிட் பாஸ். கணக்கு சாதாரண சித்தி. ஒண்டிலயும் விழேல்ல. நான் கத்தின கத்தலில பக்கத்து வீட்டு ராத்தா அகப்பையோட ஓடி வந்திட்டா.

அவர் பின்னேரம் வந்து தாளை வாசிச்சார். ரெண்டு தரம் வாசிச்சார். மகளின்ட தலையைத் தடவினார், அவ்வளவுதான். அடுத்த நாள் லீவு போட்டிட்டு, குடாவைக் கடக்கிற முதல் லாஞ்சியில மூதூருக்குப் போனார். கடைசி லாஞ்சியில திரும்பி வந்தார். ராத்தா வீட்டுக்குப் போனா மனுசன் ஒரு நாளும் தயிர்ச்சட்டி இல்லாம வந்ததில்ல. அண்டைக்கு வெறுங்கை. மகள் கிணத்தடியில நிண்டதால நாங்க ரெண்டு பேரும்தான் குசினிக்குள்ள.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டன்."

"ராத்தா என்ன சொன்னாங்க?"

"ஒண்டும் சொல்லேல்ல. உள்ளுக்குப் போயிட்டாங்க. நான் லாஞ்சி வரும் வரைக்கும் வாசலில இருந்தனான்." கையைக் கழுவிக்கொண்டே, "சோறு தரேல்ல புள்ள" எண்டார்.

அவரைத் தூக்கி வளர்த்த கை. நான் பீங்கானை எடுத்துச் சோறு போட்டன். அவர் குனிஞ்சு சாப்பிட்டார். அந்த நேரம் மகள் வாளியோட உள்ளுக்கு வந்து, "வாப்பா, மாமி கோவிச்சாங்களா?" எண்டு கேட்டாள்.

"என்னத்துக்குக் கோவிக்கிற? புள்ள நல்லாப் படிக்கட்டும் எண்டு அல்லாஹ்விட்டத் துஆச் செஞ்சாங்க" எண்டார்.

மாமி அதுக்குப் பிறகு ஏழு வருசம் எங்கட வாசல் மிதிக்கேல்ல. ஒவ்வொரு பெருநாளுக்கும் அவர் மட்டும் லாஞ்சியில போய் வந்தார், ஒவ்வொரு முறையும் மாமி சலாம் சொன்னதா மகளிட்டச் சொன்னார். மகள் ஏ.எல். படிச்சாள், டீச்சராகினாள், முதல் சம்பளத்தில மாமிக்கெண்டு ஒரு சாரி வாங்கி வாப்பாவின்ட கையில குடுத்தாள். அவர் அதைக் கொண்டு போனார். மாமி அதை வாங்கினாங்களா எண்டு நான் இண்டுவரைக்கும் அவரிட்டக் கேக்கேல்ல.